புகழ் கணவனுக்கு, பழி மனைவிக்கு: தேயா ஃபொன் ஹார்பு பற்றி

'மெற்றோபொலிஸ்' யாருடைய படம் என்று கேட்டால் பிறிட்ஸ் லாங்கினுடையது என்று உடனே பதில் வரும். அந்தப் படத்தின் அசட்டு முடிவு யாருடையது என்று கேட்டால் அது அவருடைய மனைவி எழுதியது என்பார்கள். உலக சினிமா பற்றிய நூல்களில் பல பத்தாண்டுகளாக எழுதப்பட்டு வரும் கணக்கு இது. கட்டடங்களும் இயந்திரங்களும் நிழலும் ஒளியும் கணவனின் பக்கத்தில் வரவு. அழுகையும் போதனையும் தேசியவெறியும் மனைவியின் பக்கத்தில் பற்று. இருவரும் பன்னிரண்டு வருடங்கள் சேர்ந்து செய்த வேலையை இவ்வளவு சுத்தமாகப் பாகம் பிரிக்க முடியுமா என்ற கேள்வியை நீண்ட காலம் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

தேயா ஃபொன் ஹார்பு (1888-1954) நல்ல மனுஷி என்று நிறுவுவது எனது நோக்கமல்ல. அவர் நாசிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். ஹிட்லர் ஆட்சியின் 12 வருடங்களும் ஜேர்மனியில் இருந்து அந்த ஆட்சியின் சினிமாவுக்கு எழுதிப் பிழைத்தவர். இதை மறைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் அவர் செய்த குற்றம் ஒரு விடயம். அந்தக் குற்றத்தைக் காட்டி, அவர் எழுதியவற்றில் நல்லதையெல்லாம் கணவனின் பெயருக்கு மாற்றி எழுதுவது இன்னொரு விடயம். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் அவர் எழுதியவை எவை என்று பார்ப்போம். லாங்குடன் சேர்ந்து: 'களைத்த மரணம்' (1921), இரண்டு பாகங்களான 'சூதாடி டொக்டர் மபூசே' (1922), இரண்டு பாகங்களான 'நிபெலுங்கன்' (1924), 'மெற்றோபொலிஸ்' (1927), 'ஒற்றர்கள்' (1928), 'சந்திரனில் பெண்' (1929), 'எம்' (1931), 'டொக்டர் மபூசேயின் மரணசாசனம்' (1933). இவை போதாவென்று, எஃப். டபிள்யூ. முர்னவுக்காக 'எரியும் வயல்' (1922), 'பாண்டம்' (1922) உட்பட நான்கு படங்கள். டென்மார்க்கின் கார்ல் டிறையர் பேர்லினில் எடுத்த 'மிகாயேல்' (1924) படத்தின் திரைக்கதையிலும் இவருடைய கை உண்டு. அதாவது லாங்கைச் சந்திக்காமலே இருந்திருந்தாலும் ஜேர்மன் மௌனப்பட வரலாற்றில் இவருக்கு ஒரு அத்தியாயம் இருந்திருக்கும். இயக்குநர்கள் மாறிக்கொண்டிருக்க எழுதுபவர் ஒருவராகவே இருந்த இடம் இது.

மௌனப்படத்துக்குத் திரைக்கதை எழுதுவது என்றால் என்ன என்பதையும் எமது வாசகர்கள் யோசிக்க வேண்டும். வசனம் எழுதும் வேலை அல்ல அது, வசனமே இல்லையே. எது தெரிய வேண்டும், எதன் பின் எது வரவேண்டும், எந்தப் பொருளில் பார்வை தங்க வேண்டும் என்று காட்சி காட்சியாக எழுதுவதுதான் அன்றைய திரைப்பிரதி. தமிழ்ச் சினிமாவில் கதை-வசனகர்த்தா என்ற பெயரில் நாம் அறிந்த ஆளை இங்கே கொண்டுவந்து பொருத்தக்கூடாது. 'படிமங்கள் லாங்குடையவை, கதைதான் அவளுடையது' என்ற வாதம் இந்த வேலைமுறை தெரியாதவர்களுடைய வாதம்.

அவர் பவேரியாவில் ஹோஃப் நகருக்கு அண்மையில் தௌபர்லிட்ஸ் என்ற ஊரில் ஒரு சிறு பிரபு குடும்பத்தில் பிறந்தார். இளவயதிலேயே எழுதத் தொடங்கினார். 1906 முதல் மேடை நடிகையாக டுசெல்டோர்ஃப், வைமார், கெம்னிட்ஸ், ஆகன் என்று நாடக அரங்குகளில் வேலை செய்தார். ஆகனில் சந்தித்த நடிகர் றுடோல்ஃப் கிளைன்-றொக்கவை 1914இல் மணந்தார். பிற்பாடு அந்த மணம் முறிந்து 1922இல் லாங்கை மணந்தபோதும், அந்த முதற் கணவரே லாங்கின் படங்களில் மபூசேயாகவும் ஹூணர் மன்னனாகவும் 'மெற்றோபொலிஸ்' படத்தின் விஞ்ஞானி றொட்வாங்காகவும் தொடர்ந்து நடித்தார். ஒரு பெண்ணை இன்னொருவனிடம் இழந்த விஞ்ஞானி அந்தப் பெண்ணை இயந்திரமாகத் திரும்பச் செய்ய முயல்கிறான் என்ற கதையில் முன்னாள் கணவரை நடிக்கவைப்பது! இந்த மூவரின் மனோதத்துவத்தை ஆராய இங்கே இடமில்லை.

சினிமாவுக்கு வருமுன்னரே அவர் பெயர்பெற்ற நாவலாசிரியை. அவருடைய ஆரம்ப நூல்களின் தலைப்புகளைப் பார்த்தாலே திசை தெரியும்: 'போரும் பெண்களும்' (1913), 'உலகப்போரில் ஜேர்மன் பெண்' (1916). தாய்நாட்டுக்காகப் பெண் எதைக் கொடுக்க வேண்டும், எப்படிக் கண்ணீரை அடக்க வேண்டும் என்று சொல்லும் எழுத்து. புறநானூற்று மறக்குடித் தாயைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து, பின்னர் அதே தாயை மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் கண்ட எமக்கு இந்தக் குரல் அந்நியமானதல்ல. கேட்டவுடன் அடையாளம் தெரிகிற குரல்தான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்தக் குரல் 1933இல் திடீரென்று முளைத்ததல்ல. லாங்கைச் சந்திக்குமுன்பே அது இருந்தது. லாங்குடன் எழுதிய படங்களிலும் இருந்தது. லாங் அதை வேண்டாமென்று சொல்லவில்லை.

இனிக் குற்றச்சாட்டுக்கு வருவோம். 1927இலேயே லூயி புனுவெல் 'மெற்றோபொலிஸ்' பற்றி எழுதும்போது இது ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட இரண்டு படங்கள் என்ற தொனியில் எழுதி, கண்ணுக்கு விருந்தானதை லாங்குக்கும் சகிக்கமுடியாத கதையை ஹார்புவுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். அதே வருடம் எச். ஜி. வெல்ஸ் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் படத்தைக் கிழித்து எறிந்தார். சீக்பிறீட் கிறகவர் 1947இல் வெளியிட்ட 'காலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை' என்ற நூலில், தலைக்கும் கைகளுக்கும் இடையில் இதயம் நடுநிற்க வேண்டும் என்ற படத்தின் போதனைக்கும் கோயபல்ஸின் பிரசாரத்துக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டினார். லொட்டே ஐஸ்னரும் ஹார்புவின் உணர்ச்சிப் பெருக்கை லாங்கின் பார்வையிலிருந்து பிரித்தே எழுதினார்.

கிறகவரும் ஐஸ்னரும் நாசிகளிடமிருந்து தப்பி ஓடிய அகதிகள். ஐஸ்னர் பிரான்ஸின் கூர்ஸ் முகாமில் அடைபட்டிருந்தவர். பேர்லினில் வசதியாக இருந்து எழுதிக்கொண்டிருந்த ஒருத்தி மீது அவர்களுக்குக் கோபம் இருந்ததில் நியாயமே உண்டு. எமக்கும் அந்தக் கோபம் விளங்கும். ஆனால் கோபம் நியாயமானது என்பதற்காக அதிலிருந்து பிறக்கும் பாகப்பிரிவினையும் சரியாகிவிடாது. லாங்கே பின்னாளில் ஒரு பேட்டியில், அந்தப் படத்தை இயக்கியவன் என்ற முறையில் அதன் கருத்துக்குப் பாதிப் பொறுப்பாவது தனக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருடைய அபிமானிகள் அந்தப் பாதியைக்கூட அவருக்குக் கொடுக்க விரும்பவில்லை!

'மெற்றோபொலிஸ்' விடயத்தில் இன்னொரு அநியாயமும் உண்டு. 1925 மே தொடக்கம் 1926 அக்டோபர் வரை எடுக்கப்பட்டு, ஊஃபா நிறுவனத்தைக் கடன்காரனாக்கி, 1927 ஜனவரி 10ஆம் திகதி பேர்லினில் முதன்முதலாகக் காட்டப்பட்ட முழுப்படம் சில மாதங்களே ஓடியது. அமெரிக்காவுக்கென்று நாடகாசிரியர் சனிங் பொல்லொக்கிடம் கொடுத்து வெட்டிச் சுருக்கினார்கள். பின்னர் ஜேர்மனியிலும் வெட்டிய பிரதியே ஓடியது. வெட்டப்பட்டது எது? விஞ்ஞானியும் நகரத்தின் அதிபதியும் காதலித்த ஹெல் என்ற பெண்ணின் கதை. அவள் அதிபதியை மணந்து மகனைப் பெற்று இறந்தவள். அவளுடைய பெயர் ஆங்கிலத்தில் நரகம் என்று ஒலிக்கிறதாம், ஆகவே அவள் தேவையில்லை. அவளோடு விஞ்ஞானி ஏன் இயந்திரப் பெண்ணைச் செய்தான் என்ற காரணமும் போய்விட்டது. தொழிலாளி 11811 மேல்நகரத்துக்குப் போய் ஆசையில் சிக்குவதும், அதிபதியின் ஒற்றன் ஆட்களைப் பின்தொடர்வதும் அப்படியே போயின.

2008இல் ஆர்ஜென்ரீனாவின் புவெனஸ் ஐரிஸ் சினிமா அருங்காட்சியகத்தில் தேய்ந்துபோன 16 மில்லிமீற்றர் பிரதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, 2010இல் ஏறத்தாழ 25 நிமிடங்கள் கூடிய பிரதி திரையிடப்பட்டது. எந்தத் துண்டு எங்கே வரவேண்டும் என்று தீர்மானிக்க உதவியவற்றுள் கொட்பிறீட் ஹூப்பர்ட்ஸின் இசைக்குறிப்பும் ஹார்புவின் திரைப்பிரதியும் முக்கியமானவை. யாருடைய எழுத்து அசடு என்று எண்பது வருடமாகச் சொல்லிவந்தார்களோ, அவருடைய எழுத்தை வைத்துத்தான் லாங்கின் படத்தைத் திரும்ப ஒட்டினார்கள். ஏறத்தாழ கால்பங்கு பிடுங்கப்பட்ட படத்தைப் பார்த்துவிட்டு 'கதையில் காரணகாரியம் இல்லை' என்று எழுதியவர்களை என்ன சொல்வது? முடிவு இப்போதும் அதே முடிவுதான். தேவாலய வாசலில் முதலாளியும் தொழிலாளர் தலைவனும் கைகுலுக்குகிறார்கள், மகன் நடுவில் நிற்கிறான். அது எந்தப் பிரதியிலும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்க்கு முன்னால் இரண்டரை மணிநேரம் ஒழுங்காகக் கட்டப்பட்ட ஒரு கதை இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

'எம்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கொல்பவன் பற்றிய படம். அதன் தொடக்கம் ஒரு தாயின் சமையலறை. சலவை வேலை செய்து களைத்த பெண் உணவு தயாரிக்கிறாள். சுவர்க் கடிகாரம் நேரத்தைச் சொல்கிறது. பாடசாலையால் மகள் வரவில்லை. படிக்கட்டு வெறுமையாக இருக்கிறது, துணி காயும் பரண் வெறுமையாக இருக்கிறது, மேசையில் பிள்ளையின் கோப்பை அப்படியே இருக்கிறது. தாய் பெயர் சொல்லிக் கூப்பிடும் குரல் மட்டும் கேட்கிறது. பேசும்பட ஆரம்பகாலத்தில் ஒலியை இப்படிப் பாவித்த படங்கள் குறைவு என்று சினிமா வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். அங்கெல்லாம் லாங்கின் மேதமை என்றே சொல்லப்படுகிறது. படத்தின் கடைசியில் தாய்மார் கறுப்பு உடையில் அமர்ந்து, பிள்ளைகளை நாம் கவனித்திருக்க வேண்டும் என்று சொல்லும் காட்சி வரும்போது மட்டும் அது ஹார்புவின் மிகையுணர்ச்சி ஆகிவிடுகிறது. முதல் தாயை எழுதியவர் யார்? முதற் காட்சி ஹார்புவுடையது என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. அது அவருடையதாக இருக்கலாம் என்ற சந்தேகம்கூட யாருக்கும் ஏன் வரவில்லை என்றே கேட்கிறேன்.

அவருடைய பெண்களை வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எல்லோரும் விலை கொடுப்பவர்கள். 'களைத்த மரணம்' படத்தில் ஒரு பெண் தன் காதலனை மீட்க மரணத்திடமே பேரம் பேசுகிறாள். கடைசியில் மரணம் வேறோர் உயிரைக் கேட்கிறது. எரியும் வீட்டில் ஒரு குழந்தை கையில் கிடைக்கிறது. அதைக் கொடுத்தால் காதலன் கிடைப்பான். அவள் குழந்தையை வெளியே தாயிடம் கொடுத்துவிட்டுத் தன் உயிரைக் கொடுக்கிறாள். 'சந்திரனில் பெண்' படத்தில் ரொக்கற்றில் ஏறிப்போகும் கூட்டத்தில் ஒருத்தி பெண். அவள் வானியல் மாணவி, சந்திரனில் கமெராவைப் பிடித்துப் படமெடுப்பவளும் அவளே. 1929இல் இது சாதாரண விடயமல்ல. ஆனால் ஒருவர் அங்கேயே தங்க வேண்டிவரும்போது அவளும் சேர்ந்து தங்கிவிடுகிறாள். (ரொக்கற் புறப்படுமுன் எண்களைப் பின்னோக்கி எண்ணும் வழக்கத்தை இந்தப் படம்தான் பரப்பியது. அது தன் யோசனை என்று லாங் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும்.)

விலை கொடுக்க மறுத்து விலை வாங்குபவள் ஒருத்திதான்: 'நிபெலுங்கன்' இரண்டாம் பாகத்தின் கிறீம்ஹில்ட். கணவன் சீக்பிறீட்டைக் கொன்றவனைத் தன் சகோதரர்கள் காட்டிக்கொடுக்க மறுக்கிறார்கள். காரணம் விசுவாசம். ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு. அவள் அந்நிய மன்னனை மணந்து, அவர்களை விருந்துக்கு அழைத்து, மண்டபத்தோடு எரிக்கிறாள். 'விசுவாசம்' என்ற சொல்லுக்காக ஒரு குலமே ஒரு கொலைகாரனைச் சுற்றி நின்று சாம்பலாகிறது. இந்தப் படம் ஜேர்மன் மக்களுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது என்பதையும், 1933 மார்ச் 28ஆம் திகதி சினிமாக்காரர் மத்தியில் பேசிய கோயபல்ஸ் அதை முன்மாதிரிகளுள் ஒன்றாகச் சொன்னார் என்பதையும் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்த வருடம் நாசி ஜேர்மனியில் இசை சேர்த்துத் திரும்ப வெளியிடப்பட்டது முதற் பாகம் மட்டுமே. வீரன் முதுகில் குத்தப்பட்டுச் சாகும் பாகம் அது. கிறீம்ஹில்டை அவர்கள் வெளியே எடுக்கவில்லை. தனக்கு உதவாதது எது என்பது பிரசார அமைச்சுக்கு விமர்சகர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு பாகங்களையும் எழுதியது ஒரே பெண்.

இப்போது இந்திய விடயம். 1918இல் அவர் 'இந்தியக் கல்லறை' என்ற நாவலை இந்தியாவைக் காணாமலே எழுதினார். மகாராஜா ஒருவன் ஐரோப்பியக் கட்டடக் கலைஞனை வரவழைத்து, தனக்குத் துரோகம் செய்த, இன்னும் உயிரோடிருக்கும் மனைவிக்குக் கல்லறை கட்டச் சொல்கிறான். யோகிகள், புலிகள், முதலைகள், பழிவாங்கல். எம்மைப் பற்றி ஐரோப்பா வழக்கமாகக் காணும் கனவு. 1921இல் ஜோ மே இதைப் படமாக்கினார். திரைக்கதையை லாங்கும் ஹார்புவும் சேர்ந்து எழுதினார்கள். பேர்லினுக்கு வெளியே வோல்டர்ஸ்டோர்ஃபில் 'இந்தியா' கட்டப்பட்டது. பின்னர் இது 1938இலும் 1959இலும் மறுபடி எடுக்கப்பட்டது.

அவர் வாழ்க்கையில் வந்த நிஜ இந்தியர் மகாராஜாவும் அல்ல, யோகியும் அல்ல. பெல்காம் பக்கத்திலிருந்து படிக்க வந்து பேர்லினில் பத்திரிகையாளராக இருந்த ஆயி கண்பத் தெண்டுல்கர், ஹார்புவைவிட வயதில் மிக இளையவர். லாங்குடனான மணம் 1933 ஏப்ரலில் சட்டப்படி முறிந்தது. தெண்டுல்கரை அவர் இரகசியமாக மணந்தார். நாசிச் சூழலில் அந்த உறவைப் பகிரங்கப்படுத்த முடியாது. அவருடைய வீட்டுக்கு இந்திய மாணவர்கள் வந்துபோனார்கள். போர் தொடங்குமுன் தெண்டுல்கர் ஊர் திரும்பினார். அங்கே பிரித்தானியரால் சிறைவைக்கப்பட்டார். 1945இல் காந்தியின் முன்னிலையில் சேவாகிராமத்தில் இந்துமதி என்ற பெண்ணை மணந்தார். அவர்களுடைய மகள் லக்ஷ்மி இந்த மூவரின் கதையையும் 2013இல் ஒரு நூலாக எழுதியிருக்கிறார். ஹார்புவை வெறுப்போடு எழுதாத ஒருசில நூல்களில் அது ஒன்று.

இந்தியர்களுக்கு உதவுவதற்காகவே கட்சியில் சேர்ந்தேன் என்று போருக்குப் பிறகு ஹார்பு சொன்னார். இதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. உதவி செய்தது உண்மையாக இருக்கலாம். இனவெறி ஆட்சியின் கீழ் கறுத்த ஒருவரை நேசிப்பது துணிவு வேண்டிய காரியம் என்பதும் உண்மை. ஆனால் ஒரு இந்தியரை நேசித்தது யூதர்களுக்கு நடந்ததைப் பேசாமல் விட்டதற்கு ஈடாகுமா?

1933 மார்ச் 29ஆம் திகதி ஊஃபா நிர்வாகம் தன் யூத ஊழியர்களை வெளியேற்ற முடிவெடுத்தது. 'மெற்றோபொலிஸ்' படத்தைத் தயாரித்த எரிக் பொம்மர் போனார். 'எம்' படத்தில் கொலைகாரனாக நடித்த பீற்றர் லோரே போனார். ஹார்புவுக்குச் சினிமாவில் முதல் வாய்ப்புக் கொடுத்த ஜோ மே போனார். அதே 1933இல் ஹார்பு பேசும்பட எழுத்தாளர் சங்கத்தின் தலைவியானார். 1934இல் 'எலிசபெத்தும் கோமாளியும்', 'ஹன்னெலேயின் விண்ணேற்றம்' என்று இரண்டு படங்களை இயக்கினார். எத்தனையோ கதிரைகள் காலியாகிவிட்ட காலம் அது. ஜோ மே ஹொலிவூட்டில் எடுபடாமல், கடைசியில் லொஸ் ஏஞ்சல்ஸில் ஓர் உணவகம் நடத்திப் பார்த்து, அதுவும் சரிவராமல் 1954இல் இறந்தார். இந்தப் பாதை எமது வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லாதது.

எழுத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. 1937இல் வைட் ஹார்லான் இயக்கிய 'ஆள்பவன்' படத்தின் திரைக்கதையில் ஹார்புவின் பெயர் இருக்கிறது. ஹவுப்ட்மானின் நாடகம் ஒன்றைத் தழுவியது. ஒரு ஆலை முதலாளி, பேராசை பிடித்த பிள்ளைகளோடு மோதி, கடைசியில் ஆலையை நாட்டுக்கு எழுதிவைக்கிறான். பிறவித் தலைவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை என்பது பாடம். ஆட்சி அதற்குப் பரிசும் கொடுத்தது. 'மெற்றோபொலிஸ்' படத்தோடு இதை ஒப்பிடுங்கள். அங்கே முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் ஒரு மூன்றாம் ஆள் தேவைப்பட்டான், பொய்யென்றாலும் ஒரு பேச்சுவார்த்தையாவது இருந்தது. பத்து வருடத்தின் பின் நடுவன் காணாமற் போய்விட்டான். முதலாளியே தலை, முதலாளியே இதயம். கிறகவர் சொன்ன உறவு இருக்கிறதென்றால் அது இங்கேதான் முழுமையாக இருக்கிறது. இங்கே பழியைப் பகிர லாங் இல்லை.

லாங்கின் பக்கக் கதையையும் சொல்லியாக வேண்டும். கோயபல்ஸ் தன்னை அழைத்து ஜேர்மன் சினிமாவின் தலைமையைத் தருவதாகச் சொன்னார் என்றும், அன்றிரவே கையில் பணமில்லாமல் ரயிலேறிவிட்டதாகவும் அவர் ஆயுள் முழுவதும் சொல்லிவந்தார். அவருடைய கடவுச்சீட்டின் முத்திரைகள் 1933 ஜூலை வரை அவர் ஜேர்மனிக்கு வந்துபோனதைக் காட்டுகின்றன. 'மபூசேயின் மரணசாசனம்' படத்தில் பைத்தியக்காரக் குற்றவாளியின் வாயில் நாசிச் சுலோகங்களை வைத்தது தான் என்றும் அவர் சொன்னார். படம் 1933 மார்ச்சில் தடைசெய்யப்பட்டது உண்மை. ஆனால் அதன் திரைக்கதையிலும் ஹார்புவின் பெயர்தான் இருக்கிறது. நாசிக்கு எதிரானது என்றால் கணவனுடையது, நாசிக்கு உவப்பானது என்றால் மனைவியுடையது என்று ஒரே பிரதியை எப்படி வாசிப்பது? லாங் வெளியேறியது சரியான முடிவு. வெளியேறியவர் தன் முந்தைய வாழ்க்கைக்கும் சேர்த்து ஒரு நற்சான்றிதழை எழுதிக்கொள்வது வேறு. இந்தப் பழக்கம் புகலிடத்தில் இருக்கும் எம்மிடமும் இல்லாமலில்லை.

இன்னொரு பக்கத்தில், சினிமாவின் முன்னோடிப் பெண்களைத் தேடிச் சென்ற சிலர் ஹார்புவைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதற்கும் ஆதாரம் உண்டு. 1931இல் கருக்கலைப்பைக் குற்றமாக்கும் 218ஆம் பிரிவுக்கு எதிராகப் பகிரங்கமாகப் பேசியவர் அவர். ஊஃபாவின் மிக விலையுயர்ந்த படங்கள் அவருடைய மேசையில் தொடங்கின. ஆனால் 1943இல் நாசி அரசு கருக்கலைப்புச் செய்பவர்களுக்கு மரணதண்டனை வரை கொண்டுவந்தது. ஹார்பு அப்போதும் அந்த அரசின் சினிமாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதே பேர்லினில் 1920களில் ஏராளமான திரைக்கதைகள் எழுதியவர் ஜேன் பெஸ் என்ற யூதப் பெண். நெதர்லாந்துக்குத் தப்பிப்போய், பிடிபட்டு, ஒவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். முன்னோடிகளின் பட்டியல் ஹார்புவில் தொடங்கி ஹார்புவிலேயே முடிகிறதென்றால், நாசிகள் செய்த தெரிவையே நாமும் பின்பற்றுகிறோம். ஜேன் பெஸ்ஸின் பெயர் தெரியாமல் ஹார்புவைப் பெண்ணியவாதியாக்கும் கட்டுரைகளில் எனக்கு நம்பிக்கையில்லை.

போர் முடிந்தபின் பிரித்தானியர் அவரைச் சில மாதங்கள் முகாமில் வைத்திருந்தார்கள். பின்பு மற்றப் பேர்லின் பெண்களைப் போல இடிபாட்டுக் கற்களைச் சுமந்து அடுக்கினார். அதன்பின் வெளிநாட்டுப் படங்களுக்கு ஜேர்மன் குரல்சேர்க்கும் வேலை. அதாவது மற்றவர்கள் எழுதிய படங்களுக்கு வசனம் பொருத்துவது. 1954 ஜூனில் பேர்லின் திரைப்பட விழாவையொட்டி 'களைத்த மரணம்' காட்டப்பட்டபோது அழைக்கப்பட்டுப் போனார். படம் முடிந்து வெளியே வரும்போது விழுந்து இடுப்பு முறிந்து, ஜூலை 1ஆம் திகதி இறந்தார்.

நான்கு வருடங்களின் பின் லாங் ஜேர்மன் சினிமாவுக்குத் திரும்பினார். வந்து எடுத்த முதல் வேலை, உதயப்பூரில் போய் ஹார்புவின் 'இந்தியக் கல்லறை' நாவலை இரண்டு பாகங்களாகப் படமாக்கியது. 1921இல் தன்னிடமிருந்து ஜோ மே பறித்துக்கொண்ட படம் என்று அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. படங்கள் ஜேர்மன் விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டின. இம்முறை மனைவி உயிரோடு இல்லை, கதை பழசு என்று அவரைத் திட்ட முடிந்தது.

ஹார்புவை அறிய விரும்புபவர்கள் 'மெற்றோபொலிஸ்' படத்தில் தொடங்க வேண்டாம் என்பேன். 'நிபெலுங்கன்' இரண்டாம் பாகத்தைத் தேடிப் பாருங்கள். முதற் பாகத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. கிறீம்ஹில்ட் கணவன் கொல்லப்பட்ட இடத்து மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துச்செல்லும் காட்சியை விட்டுவிடாதீர்கள். அடுத்து, 1937இன் 'ஆள்பவன்' எங்காவது காட்டப்பட்டால் அதையும் பாருங்கள்.